வரி விழாத வருமானம்

ஆண்டுதோறும் வருமான விவர அறிக்கையை நிரப்புகின்றவர்கள், வரிக்கு உட்படாத வருமானத்தைக் குறிக்குமாறு படிவத்தில் ஒரு பகுதி தனியே அமைந்திருப்பதைக் காண்பார்கள். வரி இல்லையென்று சட்டமே சொல்லிவிட்ட தொகையை அரசாங்கம் எதற்காகக் கேட்க வேண்டும் என்னும் ஐயம் பலருக்கு எழுகின்றது. அதனை வெறுமையாக விட்டுவிடுபவர் உண்டு. எழுதினால் வரி விழுந்துவிடுமோ என்று அஞ்சி மறைப்பவரும் உண்டு. இவ்விரண்டும் பிழையே. அப்பகுதி ஏன் ஏற்பட்டது என்பதை உணர, நம் நாட்டில் வருமான வரி வந்த கதையை, அதிலும் சிறப்பாக அவ்வரியினின்று விலகி நின்ற வருமானங்களின் கதையை, அறிதல் வேண்டும்.

கதைக்குள் புகுமுன் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சட்டங்களைத் தமிழில் பெயர்ப்பவர்கள் நான்கு கருத்துகளை ஒன்றோடொன்று கலவாமல் காப்பதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது. முதலாவது, வருமானமே ஆகாத வரவு. தந்தையார் விட்டுச் சென்ற வீடும், கடனாகப் பெற்ற பணமும் இவ்வகையின. இரண்டாவது, வருமானமேயாயினும் வரி விதிப்பினின்று விலக்கப்பெற்றது. இதற்கு விலக்கு என்று பெயர். மூன்றாவது, வரிக்குரிய வருமானத்தில் சேர்த்த பின்னர், குறிப்பிட்ட செலவுக்காகவோ சேமிப்புக்காகவோ குறைத்துக்கொள்வது, இது கழிவு. நான்காவது, வரியைக் கணக்கிட்ட பின்னர் அவ்வரியிலேயே குறைப்பது, இது தள்ளுபடி. பேச்சு வழக்கில் இந்நான்கையும் ‘வரி இல்லை’ என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுகிறோம். குழப்பம் தொடங்குமிடம் அதுவே.

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இந்திய அரசாங்கம் பெருங்கடனில் ஆழ்ந்திருந்தது. நிதி நிலையைச் சீர் செய்யும் பொருட்டு இலண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். ‘எகானமிஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற பத்திரிகையை 1843-இல் தோற்றுவித்தவர் அவரே. அவர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமது வரவு செலவுத் திட்டத்தைச் சட்டசபையில் வைத்து, வருமான வரியையும் முன்மொழிந்தார். அந்த ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் அச்சட்டம் ஒப்புதல் பெற்றது. 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரையுள்ள ஆண்டு வருமானத்துக்கு நூற்றுக்கு 2 வீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 4 வீதமும் விதிக்கப்பட்டன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அம்முதற் சட்டத்தில் நிலத்திலிருந்து வரும் வருமானமும் வரிக்கு உட்பட்டேயிருந்தது. பயிர்த்தொழில் வருமானம் தொன்றுதொட்டே வருமான வரிக்கு அப்பாற்பட்டது என்னும் பொதுவான நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரமில்லை. நிலமுடையோர், வணிகர், கடன் பத்திரம் வைத்திருப்போர், சம்பளக்காரர் ஆகிய எல்லோரையும் வில்சன் ஒரே வரிசையில் நிறுத்தினார்.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த சர் சார்லஸ் டிரெவலியன், இவ்வரி நாட்டுக்குப் பொருந்தாது என்று தமது கருத்தைக் குறிப்பாக எழுதியதோடு நில்லாமல், அது செய்தித்தாள்களில் வெளிவருவதற்கும் இடமளித்தார். மேலிடத்துக்கு இது பொறுக்கவில்லை. 1860-ஆம் ஆண்டிலேயே அவர் பதவியினின்று திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் நெடுநாள் வாழவில்லை. சட்டம் ஒப்புதல் பெற்று மூன்று வாரங்கள் நிறையுமுன்னரே, ஆகஸ்டு 11-ஆம் நாள், கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். விதியின் விளையாட்டுப் போலும், நிதி உறுப்பினராகப் பின்னர் அதே கல்கத்தாவுக்கு வந்தவர் டிரெவலியன்! 1865-இல் வருமான வரியின் காலவரம்பு முடிந்தபோது அதை நீட்டாமல் விட்டவரும் அவரே.

அதன் பின் இருபதாண்டுக் காலம் வரி வருவதும் போவதுமாக இருந்தது. 1867-இல் லைசென்சு வரி வந்தது, 1869-இல் வருமான வரி மீண்டும் தலைகாட்டியது, 1873-இல் மறைந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் பிற பகுதிகளையும் வாட்டிய கொடும் பஞ்சம் அரசாங்கத்தின் கருவூலத்தை மறுபடியும் வறளச் செய்தது. பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காக, வட இந்தியாவில் நிலத்தின்மீது மேல்வரிகளும், வணிகர்மீது லைசென்சு வரியும் சுமத்தப்பட்டன. நிலம் தன் பங்கைத் தனி வழியில் செலுத்துகிறது, வணிகம் தன் பங்கை வேறொரு வழியில் செலுத்துகிறது என்னும் பிரிவினை இங்கேதான் வேரூன்றியது.

1886-ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம் இப்பிரிவினைக்கு நிலையான வடிவம் தந்தது. டப்ரின் பிரபு வைசிராயாகவும், சர் ஆக்லண்டு கால்வின் நிதி உறுப்பினராகவும் இருந்த காலம் அது. இன்று வரை அறுபடாமல் தொடர்ந்து வரும் வருமான வரிக்கு அடிக்கல் அதுவே. 500 ரூபாய்க்குக் குறைந்த ஆண்டு வருமானத்துக்கு வரியில்லை. வருமானத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்படாத ஆயுள் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குச் சலுகை உண்டு. இவற்றோடு, ‘வேளாண் வருமானம்’ என்னும் சொற்றொடருக்குச் சட்டம் இலக்கணம் வகுத்து, அதனை வரியினின்று முற்றிலும் விலக்கியது.

விலக்கியதற்குக் காரணம் என்ன? உழவர் ஏழைகள் என்னும் இரக்கம் மட்டும் காரணம் என்று கொள்வதற்கில்லை. ஏழைகளுக்கு 500 ரூபாய் வரம்பே போதுமான காப்பாக இருந்தது. நிலம் ஏற்கெனவே நிலவரி செலுத்துகிறது, பஞ்சத்துக்கான மேல்வரியும் செலுத்துகிறது, மூன்றாவது சுமை தகாது என்பதே முதன்மையான வாதம். வங்காளத்தின் ஜமீன்தார்களோ, 1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரி ஏற்பாட்டை எடுத்துக்காட்டி, தங்களிடம் அதற்கு மேல் கேட்பது வாக்குத் தவறுவதாகும் என்று வாதாடி வந்தனர். ஆகவே வேளாண் வருமான விலக்கு, நிலவரிக்கு ஈடாகக் கிடைத்த ஓர் ஒப்பந்தம் போன்றது எனலாம்.

ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் காலப்போக்கில் தேய்ந்தது. விளைபொருள்களின் விலை உயர, நிலவரியின் சுமை ஒப்புநோக்கில் குறைந்துகொண்டே வந்தது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் உருவானபோது, வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்காவிடினும், பிற வருமானத்துக்குரிய வரி வீதத்தை நிர்ணயிக்க அதனையும் சேர்த்துப் பார்க்கலாம் என்னும் யோசனை எழுந்தது. எதிர்ப்பு மிகுந்தமையால் அது கைவிடப்பட்டது. 1924-இல் சர் சார்லஸ் டாட்ஹண்டர் தலைமையில் அமைந்த வரி விசாரணைக் குழு, இவ்விலக்கு தொடர்வதற்கு வரலாற்றிலோ கொள்கையிலோ நியாயம் காணவில்லை. நிர்வாகத் தடைகளும் அரசியல் தடைகளுமே குறுக்கே நிற்கின்றன என்று கருதியது.

பின்னர் வந்த அரசியலமைப்பு ஏற்பாடுகள் அத்தடைகளுக்கு அரண் செய்தன. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம், வேளாண் வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமையை மாகாணங்களுக்கு அளித்தது. 1938-இல் பீகார் அவ்வுரிமையை முதலிற் பயன்படுத்தியது. அஸ்ஸாமும் வங்காளமும் பின்தொடர்ந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பும் அதே பங்கீட்டை ஏற்றுக்கொண்டது. வேளாண் வருமானம் நீங்கலான வருமானத்தின்மீது வரி விதிப்பது மத்திய அரசின் அதிகாரம். வேளாண் வருமானத்தின்மீது விதிப்பது மாநிலங்களின் அதிகாரம். சென்னை மாநிலம் 1955-இல் தோட்டப் பயிர்களின் வருமானத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தவே முன்வரவில்லை. ஜமீன்தாரி முறை ஒழிந்தது; அம்முறையின் நிழலில் வளர்ந்த விலக்கு ஒழியவில்லை.

விலக்கு இருக்குமாயின் அதற்கு எல்லையும் இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வெல்லையை வரையும் பணி நீதிமன்றங்களின்மேல் விழுந்தது. நிலக் குத்தகை நிலுவைக்குப் பெறும் வட்டி வேளாண் வருமானமாகுமா என்ற கேள்வி ராம்கட் ஜமீனின் வழக்கில் எழுந்தது. ஆகாது என்று 1948-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. குத்தகை நிலத்திலிருந்து வருவது, வட்டியோ தாமதத்திலிருந்து வருவது. தானே வளர்ந்த காட்டு மரங்களை விற்று அயோத்தித் தாலுக்தார் ஒருவர் பெற்ற பணமும் வேளாண் வருமானமன்று என்று அதே ஆண்டில் அம்மன்றம் கூறியது.

1957-இல் நமது உச்ச நீதிமன்றம், வினய் குமார் சகஸ் ராய் என்னும் ஜமீன்தாரின் சால் மரக் காடு பற்றிய வழக்கில் இப்பொருளை ஆழ ஆராய்ந்தது. உழுதல், விதைத்தல், நடுதல் முதலிய அடிப்படைச் செயல்களை மனிதன் நிலத்தின்மீது செய்திருத்தல் வேண்டும். களை பறித்தலும் காவல் காத்தலும் அவற்றைத் தொடர்ந்து வரும்போதே வேளாண்மையின் பகுதியாகும். தனித்து நின்றால் ஆகா என்பதே நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பின் சாரம். அக்காட்டில் மரம் அழிந்த இடங்களில் மீண்டும் நடவு நடந்திருந்தமையால் ஜமீன்தாருக்கு வெற்றி கிட்டியது. ஆயினும் தீர்ப்பு நாட்டிய அளவுகோல் எல்லோருக்கும் பொதுவாக நிலைத்துவிட்டது.

அந்த அளவுகோலைக் கொண்டு அன்றாடக் கேள்விகள் பலவற்றுக்கு விடை காணலாம். நெல் விற்ற பணம் வேளாண் வருமானம். பயிர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பெறும் தொகையும் அவ்வாறே. பால் பண்ணையும் கோழிப் பண்ணையும் கிராமத்திலேயே நடந்தாலும் வேளாண் வருமானம் தருவன அல்ல. கடல் நீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பு நிலத்தில் விளைவதுபோல் தோன்றினும் பயிரன்று. தேயிலையோ இரு நிலையில் நிற்கிறது. இலை வயலில் விளைகிறது. தூள் ஆலையில் உருவாகிறது. ஆகவே தோட்டமும் ஆலையும் உடையவரின் தேயிலை வருமானத்தில் 60 விழுக்காடு வேளாண்மைக்கும் 40 விழுக்காடு தொழிலுக்கும் உரியதாக வருமான வரி விதிகள் பிரித்தன.

1918-இல் கைவிடப்பட்ட யோசனை 55 ஆண்டுகள் கழித்து உயிர்பெற்றது. பேராசிரியர் கே. என். ராஜ் தலைமையில் அமைந்த குழு 1972-இல் தன் அறிக்கையை அளித்தது. அதனைத் தொடர்ந்து, 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் வாயிலாக, வேளாண் வருமானத்தை வரி வீத நிர்ணயத்துக்காக மட்டும் சேர்த்துக்கொள்ளும் முறை ஏற்பட்டது. இம்முறையைப் புரிந்துகொண்டால், படிவம் கேட்கும் கேள்வியின் பொருள் விளங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் புதிய வரி முறைக்கு வகுத்த வீதங்களின்படி, முதல் 4 இலட்சம் ரூபாய்க்கு வரியில்லை; அதற்கு மேல் ஒவ்வொரு 4 இலட்சத்துக்கும் 5, 10, 15 விழுக்காடு என வீதம் ஏறிச் செல்கிறது. ஒருவருக்குக் கழிவுகள் போகச் சம்பளம் 14 இலட்சம். வயலிலிருந்து 2 இலட்சம். சம்பளத்துக்கு மட்டும் கணக்கிட்டால் வரி 90,000 ரூபாய். ஆனால் சட்டம் இரண்டையும் கூட்டி 16 இலட்சத்துக்கு வரி காண்கிறது: 1,20,000 ரூபாய். பின்னர் வயல் வருமானமாகிய 2 இலட்சத்தோடு வரியற்ற 4 இலட்சத்தைச் சேர்த்து, அந்த 6 இலட்சத்துக்குரிய 10,000 ரூபாயைக் கழிக்கிறது. செலுத்த வேண்டியது, மேல்வரி நீங்கலாக, 1,10,000 ரூபாய். வயல் வருமானத்துக்கு நேரே வரி விதிக்கப்படவில்லை. ஆயினும் சம்பளத்தின் வரி 20,000 ரூபாய் உயர்ந்துவிட்டது. நிகர வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டு, பிற வருமானமும் வரியற்ற வரம்பைக் கடக்கும்போதே இம்முறை செயற்படும். இரண்டு ஏக்கர் நிலத்தை மட்டுமே நம்பி வாழும் உழவரை இது தீண்டுவதில்லை.

வேளாண்மையைத் தவிர மற்ற விலக்குகளும் தத்தம் காலத்தின் முத்திரையைத் தாங்கியவையே. சுதேச மன்னர்களின் இராஜ்யங்கள் இந்தியாவோடு இணைந்தபோது அளிக்கப்பட்ட மன்னர் மானியத்துக்கு வருமான வரி இல்லையென்று அரசியலமைப்பின் 291-ஆம் விதியே உறுதி கூறியது. 1971-இல் 26-ஆம் திருத்தம் அம்மானியத்தையே ஒழித்தது. விலக்கும் அதனோடு போயிற்று. பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் பெற்றோரின் ஓய்வூதியத்துக்கு விலக்களித்தது நாட்டின் நன்றியுணர்ச்சி. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு விலக்களித்தது வருங்காலத்தின் மீதுள்ள நம்பிக்கை. கம்பெனிப் பங்கின் ஆதாயத்துக்குப் பங்குதாரரிடம் வரியில்லை என்று 1997-இல் ஏற்பட்ட சலுகை இடையில் ஓராண்டு நீங்கி மீண்டு வந்து, 2020 ஏப்ரல் முதல் முற்றிலும் நீங்கியது. வருங்கால வைப்பு நிதியின் வட்டிக்கும் 2021 முதல் வரம்பு உண்டு. ஊழியர் தாம் செலுத்தும் சந்தா ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேற்படின், மேற்பட்ட பகுதியின் வட்டிக்கு வரியுண்டு. சென்ற ஆண்டின் விலக்கு இந்த ஆண்டும் இருக்கும் என்று கருதி அறிக்கையை எழுதுதல் கூடாது என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

இனி, அறிக்கை எழுதுவோர் அடிக்கடி இடறும் இடங்கள் சிலவற்றைக் குறிப்பிடுவோம். வங்கி வட்டியில் வரி பிடிக்கப்படவில்லையாயின் அது விலக்குப் பெற்றது என்று பலர் எண்ணுகின்றனர். பிடிக்காமை வேறு, விலக்கு வேறு; வட்டி வரிக்குரிய வருமானமே. சேமிப்புக் கணக்கின் வட்டிக்குப் பழைய வரி முறையில் 10,000 ரூபாய் வரை கிடைத்தது கழிவேயன்றி விலக்கன்று. 12 இலட்சம் வரை வரியில்லை என்று 2025-இல் பரவலாகப் பேசப்பட்டதும் தள்ளுபடியைப் பற்றியது. அத்தகையோரின் வருமானம் விலக்குப் பெற்றதாகிவிடாது. அறிக்கையில் முழுமையாகக் காட்டப்பட வேண்டியதே. உறவினர் தரும் அன்பளிப்புக்கும், திருமணத்தின்போது மணமக்கள் பெறும் பரிசுக்கும், உயில் வழியே வரும் சொத்துக்கும் வரியில்லை. ஆனால் அப்பணத்தை வங்கியிலிட்டுப் பெறும் வட்டிக்கு வரியுண்டு. மரத்துக்கு வரியில்லை, கனிக்கு உண்டு என்று இதனை நினைவிற் கொள்ளலாம்.

வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு, 2025–26 மதிப்பீட்டு ஆண்டில், ‘சஹஜ்’ என்னும் எளிய படிவம் பயன்படவில்லை. விரிவான படிவத்தையே அவர்கள் நிரப்ப வேண்டியிருந்தது. விளைபொருள் விற்ற சீட்டு, குத்தகை ஒப்பந்தம், பட்டா முதலிய ஆவணங்களைப் பாதுகாத்து வைத்தல் அவர்களுக்கு நன்மை பயக்கும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு 2025-இல் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம், முன்பு 10-ஆம் பிரிவில் குவிந்து கிடந்த விலக்குகளைப் பொருள்வாரியாக அட்டவணைகளில் பிரித்து வைத்தது. இடம் மாறிற்று, வேளாண் வருமானத்துக்கு 1886-இல் கிடைத்த விலக்கு மாறவில்லை.

பயிரே செய்யாதவர் தம் வணிக இலாபத்தை வயலின் விளைச்சல் என்று எழுதிவிட்டால், வரியும் இல்லை, கேள்வியும் இல்லை என்னும் ஆசை இவ்விலக்கின் கூடவே பிறந்தது. வேளாண் வருமானம் என்று கோரப்பட்டவை பல இடங்களில் போதிய ஆவணங்களைச் சரிபார்க்காமலே ஏற்கப்பட்டன என்று 2019-இல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையொன்று சுட்டிக்காட்டியது. இத்தகைய கோரிக்கைகள் பெருகப் பெருக, உழவர்க்கு விலக்கு எதற்கு என்னும் குரல் வலுக்கும். பொய்யாக எழுதியவர் அன்று வேறு புகலிடம் தேடிக்கொள்வார். உண்மையாகவே ஏர் பிடித்தவர்தாம் இழப்புக்குள்ளாவார்.

ஆகவே, விலக்கு என்பது சமுதாயம் ஒரு காரணத்துக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகும். எவ்வளவு விட்டுக்கொடுத்தோம், யாருக்கு விட்டுக்கொடுத்தோம், அக்காரணம் இன்னும் நிலைத்திருக்கிறதா என்று சமுதாயம் கணக்குப் பார்க்க வேண்டுமானால், அத்தொகை எங்கேனும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். படிவத்தின் அச்சிறு பகுதி அதற்காகவே உள்ளது. வரி செலுத்த வேண்டாத தொகையையும் மறைக்காமல் எழுதுகின்ற குடிமகன், தனக்குக் கிடைத்த சலுகையின் நியாயத்தைக் காத்துக்கொள்கிறான். அதே சலுகையை நம்பி வாழும் எளியவரின் உரிமையையும் காக்கிறான்.